கைத்தறிப் பையில் ஓடிய சாயமும் கச்சான் காற்றில் உருகிய கேக்கும்

மட்டக்களப்பின் எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 22 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். புடவையும் ஆடை வடிவமைப்பும் படிக்கும் டிப்ளோமாப் பாடநெறியில் அவர் இரண்டாம் வருடம். வீட்டில் அம்மாவின் பழைய தையல் மெசினில் கைத்தறிப் பைகளும் சாறிப் பிளவுசுகளும் தைக்கிறார். பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறார். துணிப்பூ, எம்ப்ரொய்டரி வளையம் போன்ற கைவேலைகளும் உண்டு. எல்லாம் ஒரே மேசையில்.

ஆசிரியர் தினத்துக்கு 12 பைகள் ஓடர் வந்தது. நெசவாளர் ஒருவரிடம் வாங்கிய மெரூன், கிறீம் கோடு போட்ட துணியில், உள்ளே பொலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைத்து, ஒன்று 2,000 ரூபாவுக்குக் கொடுத்தார். முதற் கழுவலிலேயே மெரூன் கிறீமில் இறங்கிவிட்டது. பையும் சுருங்கி முறுக்கிக்கொண்டது. ஏழு பேர் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள். மீதித் துணியை உப்பும் வினாகிரியும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டும் சரிவரவில்லை. ஆகஸ்ட் மாதம் கொடுத்த கேக்கில் பட்டர் ஐசிங் போய்ச் சேருமுன்பே வழிந்துவிட்டது. பேஸ்புக்கில் போட்ட பிளவுஸ் கை வடிவத்தைக் கடையொன்று அப்படியே தைத்து விற்கிறது. இத்தனைக்கும் பிறகு, "படிப்பை நிறுத்திவிட்டு 3 இலட்சம் கடன் எடுத்து, இண்டஸ்ட்ரியல் மெசினும் பெரிய அவணும் வாங்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறா" என்று கேட்டிருக்கிறார்.

அன்பு மகள்,

கடிதத்தில் "எனக்குக் கைராசி இல்லைப் போல" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் அழித்துவிடுங்கள். சாயம் ஓடியதற்கும், பை முறுக்கியதற்கும், ஐசிங் வழிந்ததற்கும் தனித்தனிக் காரணம் உண்டு. மூன்றையும் முன்கூட்டியே வீட்டில் பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். பரிசோதிக்காத துணிக்கு வாக்குக் கொடுத்தீர்கள், நடந்த தவறு அதுதான்.

சாயம் ஏன் ஓடியது?

உப்பும் வினாகிரியும் சாயத்தைப் பிடித்து வைக்கும் என்று நம்பியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பலரும் சொல்வதுதான், ஆனால் பருத்தித் துணிக்கு அது பொருந்தாது. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது உண்மை. தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்குத்தான் அந்த உப்பு. நெய்து முடிந்து கடைக்கு வந்த துணியில் அதற்கு வேலை இல்லை. வினாகிரி போன்ற அமிலம் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்தோடு சேர்ந்தது. பருத்தியைப் பற்றிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயத்துக்குத் தேவை அமிலமல்ல, சோடா போன்ற காரம்.

ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு இரசாயனமாகப் பிணைந்துவிடும். இன்னொரு பகுதி தண்ணீரோடு தாக்கம் புரிந்து வீணாகி, நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சாயம் போட்ட பின் நூலைக் கொதிநிலைக்கு அண்மித்த வெந்நீரில், சோப்புக் கரைசலோடு, பலமுறை அலசினால்தான் அந்த வீணான பகுதி வெளியேறும். விறகும் தண்ணீரும் நேரமும் செலவாகும் வேலை இது. அது குறைந்த இடத்தில், மிச்சச் சாயம் உங்கள் வாடிக்கையாளரின் வாளியில் வெளியே வருகிறது. மெரூன், கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் சாயத்தின் அளவே கூட என்பதால் ஆபத்தும் கூட. இதற்காக நெசவாளரோடு சண்டைக்குப் போகவேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது, என்ன வகைச் சாயம், நூலை வெந்நீரில் எத்தனை தரம் அலசினார்கள் என்று கேளுங்கள். வேலை தெரிந்த நெசவாளர் அந்தக் கேள்வியை மதிப்பார்.

மீதித் துணியைக் காப்பாற்றலாமா என்று பார்க்க, அதில் அரை மீற்றர் வெட்டுங்கள். கொதிக்கவைத்துச் சற்று ஆறிய தண்ணீரில் கொஞ்சம் சலவைத் தூள் போட்டு, 15 நிமிடம் கிளறிக்கொண்டே வைத்து, பிழியாமல் எடுத்து அலசுங்கள். தண்ணீர் தெளியும் வரை திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நிறம் குறைந்துகொண்டே போய், நாலைந்தாவது அலசலில் தண்ணீர் தெளிந்துவிட்டால் முழுத்துணியையும் அப்படியே அலசலாம். கிறீம் கோட்டில் சாயம் திரும்பவும் ஒட்டாமலிருக்க, துணி மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். துணியை நெருக்கி அமுக்கினால் கறை நிச்சயம். கோடையில் உங்கள் கிணறு சவராகிவிடும் என்றால் மழைநீரிலோ குழாய்நீரிலோ இதைச் செய்யுங்கள். சவர்த் தண்ணீரில் உள்ள உப்பு, கழன்ற சாயத்தை மீண்டும் நூலிலேயே நிற்கவைக்கும்.

எத்தனை அலசினாலும் தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் டிரெக்ட் சாயம், நூலோடு பிணையாமல் ஒட்டி மட்டும் நிற்பது. பருத்திக்கென விற்கும் டை ஃபிக்ஸரை (சாயத்தை நிறுத்தும் மருந்து), பொதியில் எழுதியுள்ள அளவில் பாவித்தால் ஓரளவு நிற்கும். ஆனால் நிறம் கொஞ்சம் மாறும், வெயிலில் சீக்கிரம் மங்கும். அந்தத் துணியை வெள்ளை, கிறீமோடு சேர்த்து எதுவும் தைக்காதீர்கள்.

இனி எந்தக் கைத்தறியை வாங்கினாலும் கத்தரிக்கோல் வைக்குமுன் இரண்டு சோதனைகள். ஒன்று, உள்ளங்கையளவு துண்டோடு ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டைச் சேர்த்துத் தைத்து, 40 பாகைச் சோப்புத் தண்ணீரில் அரை மணித்தியாலம் அலசிக் காயவைத்து, வெள்ளைத் துண்டைப் பார்ப்பது. மற்றது, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, உலர்ந்த நிலையில் 10 தரமும் நனைத்து 10 தரமும் உரசிப் பார்ப்பது. பைக்கு இந்த உரசல் சோதனைதான் முக்கியம். கழுவாமலே, வேர்த்த கையும் வெள்ளைச் சட்டையும் பட்டுக் கறை பிடிப்பது பையில்தானே. கறை எவ்வளவு பிடித்தது என்று 1 முதல் 5 வரை புள்ளி போடும் சாம்பல் அளவுகோலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், 5தான் சிறந்தது. விற்பனைக்குப் போகும் துணி குறைந்தது 4 எடுக்கவேண்டும் என்று உங்களுக்கு நீங்களே விதி போட்டுக்கொள்ளுங்கள்.

முறுக்கியது கைத்தறியின் குற்றமல்ல

தறியில் பாவு நூல், அதாவது நீளவாட்டு நூல், இழுபட்ட நிலையிலேயே நெய்யப்படுகிறது, கஞ்சியும் போட்டிருக்கும். முதல் தண்ணீரில் கஞ்சி போய், நூல் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்பும். பருத்திக் கைத்தறி 5 முதல் 10 வீதம் சுருங்குவது வழமை. பொலியெஸ்டர் லைனிங் சுருங்காது. 38 சென்ரிமீற்றர் உயரமான பையில் வெளித்துணி 7 வீதம் சுருங்கினால் இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் குறையும், உள்துணி அப்படியே நிற்கும். முறுக்காமல் என்ன செய்யும்?

சுருக்கத்தை அளக்க, துணியின் நடுவில் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை நூலால் குறித்து, வாடிக்கையாளர் கழுவுவதுபோலக் கழுவி, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணித் திரும்ப அளந்து பாருங்கள். 46.5 ஆக வந்தால் 7 வீதம். பாவு, ஊடு (குறுக்குவாட்டு நூல்) இரண்டு திசையிலும் அளக்கவேண்டும். இரண்டும் ஒரேயளவு சுருங்காது. பின்பு முழுத்துணியையும் கழுவியே வெட்டுங்கள். 10 மீற்றர் வாங்கினால் கையில் 9.3 மீற்றர்தான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக் கேன்வாஸ் போடுவதென்றால் அதுவும் கழுவிய துணியில்தான். அயர்னை இழுக்காமல், ஒவ்வொரு இடத்திலும் 10 முதல் 15 விநாடி அழுத்தி எடுக்கவேண்டும். இழுத்தால் அன்று நன்றாகத் தெரியும், பிறகு குமிழி குமிழியாகக் கிளம்பும்.

நீங்கள் அனுப்பிய பைப் படத்தில் கைப்பிடி ஒற்றைத் தையலில் நிற்கிறது. அதையும் மாற்றுங்கள். கைப்பிடி முனையை 3 சென்ரிமீற்றர் உள்ளே இறக்கி, சதுரம் போட்டு நடுவே குறுக்காக எக்ஸ் தையல். ஊசி 16ஆம் இலக்கம், தையல் நீளம் 3 மில்லிமீற்றர்.

அந்த ஏழு பேர்

"கழுவச் சொல்லி நான் சொல்லவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதம் நிற்காது மகள். பாவனைக்கு வாங்கும் துணிப்பையைக் கழுவுவார்கள் என்பது சொல்லாமலே தெரிந்த விடயம். பொருள் அதன் பாவனைக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும் என்ற நியதி, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தொட்டு நம் நாட்டில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடும் செய்யலாம். வீட்டில் தைத்தாலும் விற்றவர் விற்றவர்தான்.

அந்த ஏழு பேருக்கும் முழுக் காசையும், 14,000 ரூபாவைத் திருப்பிக் கொடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் இரண்டு தவணையாக, திகதியை எழுத்தில் சொல்லிக் கொடுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் அவர்கள் கேட்குமுன்பே நீங்களே தொலைபேசியில் பேசி, சாயம் ஓடும் என்பதைச் சொல்லுங்கள். காசு வேண்டுமா, கழுவிச் சோதித்த துணியில் புதுப்பை வேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். 12 ஆசிரியர்கள் என்றால் 12 ஓய்வறைப் பேச்சு. "பிள்ளை தானாகவே கூப்பிட்டுச் சொன்னா" என்று ஒருவர் சொன்னாலும் அது எந்த விளம்பரத்தையும் விடப் பெரிது. இனி ஒவ்வொரு பையிலும் "தனியாகக் குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் காயவைக்கவும்" என்று சிறு துண்டு தைத்துவிடுங்கள். ஆனால் அந்தத் துண்டு சோதனைக்குப் பதிலாகாது.

கேக்கும் மினுமினுப்புத் தூளும்

ஆகஸ்ட் என்றால் கச்சான் காற்று. அனல் வீசும் நண்பகலில் பட்டர் ஐசிங்கை ஓட்டோவில் அனுப்பினால் நிற்காது; 32 முதல் 35 பாகைக்குள் பட்டர் உருகிவிடும். உங்கள் அளவு, 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி, பிழையானதல்ல. கச்சான் மாதங்களில் பட்டரில் பாதியை, 125 கிராமை, வெஜிடபிள் ஷோட்டனிங்காக (தண்ணீர் கலவாத கெட்டித் தாவரக் கொழுப்பு) மாற்றுங்கள். மாஜரின் அதற்கு ஈடல்ல. மாஜரினில் தண்ணீர் கலந்திருக்கும், ஐசிங் இன்னும் இளகும். பால் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கேக்கின் நடுப்பகுதி முழுதாக ஆறுமுன் ஐசிங் பூசுவதும் வழிவதற்கு ஒரு காரணம். வெளியே தொட்டால் ஆறியதுபோலத் தெரியும், உள்ளே சூடு இருக்கும். மெல்லிய முதற்பூச்சுப் பூசி, ஃபிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைத்து, பிறகு இரண்டாவது பூச்சு. முடிந்ததும் இரண்டு மணித்தியாலமாவது குளிரவைத்து, காலை 9 மணிக்கு முன் கொடுத்துவிடுங்கள். மடியிலோ சாய்ந்த ஆசனத்திலோ வைக்காமல், ஓட்டோவின் சமதளமான அடித்தட்டில் பெட்டியை வைக்கவேண்டும். மாரியில் பிரச்சினை தலைகீழ்: ஈரக்காற்றில் ஃபொண்டன், அதாவது கேக்கின் மேல் விரிக்கும் சீனிப் போர்வை, வேர்க்கும். ஃபொண்டன் கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் பெட்டியைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கடிதத்தில் என்னைப் பதறவைத்தது வேறொன்று. கைவேலைக்கு வாங்கிய மினுமினுப்புத் தூளில் "நச்சற்றது" என்று எழுதியிருந்ததால் அதையே கேக்கிலும் தூவியதாகச் சொல்கிறீர்கள். தவறுதலாக வாயில் பட்டால் உடனடித் தீங்கு இல்லை என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. உண்ணலாம் என்று அது சொல்லவில்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக். உண்ணத்தக்க தூளில் உணவுப்பொருள் போலவே சேர்மானப் பட்டியல் அச்சிட்டிருக்கும். இன்றே அந்தப் போத்தலைக் கேக் சாமான்களிலிருந்து எடுத்துவிடுங்கள். துணிப்பூவின் கம்பியை நேரே கேக்கில் குத்தாதீர்கள். உணவுக்குரிய ஸ்ட்ரோ ஒன்றுக்குள் செருகி நிறுத்துங்கள். உண்மைப் பூ வைப்பதென்றால் வேலியில் பூக்கும் அலரியை மறந்தும் வேண்டாம், அது நஞ்சு.

மேசையும் பிரியவேண்டும். துணி வெட்டும் இடத்தில் பஞ்சுத்தூசி பறக்கும், ஊசிமுனை உடைந்து தெறிக்கும். சாயம் கரைத்த சட்டியும் அகப்பையும் ஒருநாளும் அடுப்படிக்குத் திரும்பக்கூடாது. வீட்டில் இரண்டாவது மேசைக்கு இடமில்லை என்றால் நாட்களைப் பிரியுங்கள்: கேக் நாளில் தையல் இல்லை.

"வீட்டில்தானே செய்கிறேன், அனுமதி எதற்கு" என்பதும் சரியல்ல. விற்பனைக்குச் செய்யும் எந்த உணவுக்கும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொருந்தும். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ச் சந்தித்து, வீட்டில் கேக் செய்து விற்பதாகச் சொல்லிப் பதிவு பற்றிக் கேளுங்கள். அவர் வந்து பார்ப்பதற்குப் பயப்படாதீர்கள். யாரோ முறைப்பாடு செய்து அவர் வருவதை விட, நீங்கள் அழைத்து அவர் வருவது எவ்வளவோ மேல். சொந்தப் பெயரல்லாத வியாபாரப் பெயர் வைத்தால் அதைப் பிரதேச செயலகத்தில் பதிவது வேறு வேலை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

பிளவுஸ் கை யாருடையது?

கோபம் நியாயமானது. ஆனாலும் வழக்குப் பேச்சை விடச் சொல்வேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், நீங்கள் சொந்தமாக வரைந்த எம்ப்ரொய்டரிக் கோலத்துக்குப் பதிவில்லாமலே பதிப்புரிமை உண்டு. ஆடையின் வெட்டு, அமைப்பு என்பது கைத்தொழில் வடிவமைப்பு. அது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால்தான் பாதுகாப்பு, முதலில் ஐந்து வருடம். பதிவுக்கு வடிவம் புதியதாக இருக்கவேண்டும், பேஸ்புக்கில் போட்டதோடு அந்தப் புதுமையும் போய்விடும். தவிர, படத்தைப் பார்த்தேன். இரண்டு மடல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் துலிப் கை அது. ஓரத்தில் கைத்தறிக் கரை வைத்தது அழகுதான், ஆனால் துலிப் கை நெடுங்காலமாகத் தையலில் இருப்பது. நீங்களே பின்டெரெஸ்டில் பார்த்து மாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கடையால் எடுக்கமுடியாதது அளவுப் பொருத்தம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடதாசிப் படிவம் வெட்டி, பெயரும் திகதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத் தையலில் இரண்டரை சென்ரிமீற்றர் உள்ளே விடுங்கள். அடுத்த வருடம் உடம்பு வைத்தாலும் பிரித்துத் தைக்கலாம் என்று தெரிந்தவர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

3 இலட்சம்

உங்கள் கணக்கில் ஒரு பைக்குத் துணி 900, லைனிங் 250, சிப்பும் நூலும் 150, கைப்பிடி 200, மொத்தம் 1,500. ஆகவே 500 இலாபம். பொதி, மின்சாரம், ஊசி, மெசின் எண்ணெய் என்று இன்னும் 200 சேர்த்தால் 1,700. மிஞ்சுவது 300. மூன்றரை மணித்தியாலம் தைக்கிறீர்கள், மணிக்கு 86 ரூபாகூட இல்லை. இதை வைத்து 3 இலட்சத்தை அடைக்க, வட்டி சேர்க்காமலே 1,000 பைகள் தைக்கவேண்டும். அம்மா காரணம் சொல்லாமல் மறுத்திருக்கலாம், ஆனால் அவ சொன்னதுதான் சரி.

உழைப்புக்கு மணிக்கு 250 என்று வைத்தால் அடக்கவிலை 2,575. பழுது, திருப்பிக் கொடுப்பது, அடுத்த துணிக்கு முதலீடு என்று கால்பங்கு கூட்டினால் 3,200 அளவில் விற்கவேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த விலைக்கு இலேசில் போகாது என்பதும் தெரியும். அதனால் பையை மாற்றுங்கள். லைனிங்கையும் சிப்பையும் விட்டு, உள்விளிம்புகளைக் குறுக்குவாட்டுத் துணிப்பட்டியால் மூடித் தையுங்கள். செலவு 1,350 அளவுக்கு இறங்கும், தையல் இரண்டு மணித்தியாலத்தில் முடியும், 2,300 ரூபாவுக்கு விற்றால் கட்டும். இரண்டு துணி இரண்டு விதமாகச் சுருங்கும் பிரச்சினையும் அதோடு போய்விடும்.

இண்டஸ்ட்ரியல் மெசின் வேகமாகத் தைக்கும், உண்மைதான். உங்கள் நேரம் போவது கழுவ, வெட்ட, அயர்ன் பண்ண. அவற்றை அது வேகப்படுத்தாது. கைத்தறி விளிம்பு பிரியும் துணி என்பதால், கையில் காசு சேரும்போது வாங்கவேண்டியது துணி விளிம்பைப் பின்னித் தைக்கும், வீட்டுப் பாவனைக்கான ஓவர்லொக் மெசின். அதற்குக் கடன் தேவைப்படாது. அவணை இப்போது தொடவேண்டாம். மாதம் இரண்டு மூன்று கேக் என்றால் இருக்கும் அவண் போதும்.

படிப்பை நிறுத்தவேண்டாம். சாயச் சோதனை, சுருக்கச் சோதனை, படிவம் வெட்டுதல், அடக்கவிலை என்று இந்தக் கடிதத்தில் நான் சொன்னவை எல்லாம் உங்கள் பாடத்தில் உள்ளவைதான். வகுப்பில் படிப்பதும் வீட்டு மேசையில் செய்வதும் இரண்டு உலகமாக இருந்துவிட்டன. மீதித் துணியில் ஒரு மீற்றரை அடுத்த செய்முறை வகுப்புக்குக் கொண்டுபோய், நடந்ததை ஒளிக்காமல் விரிவுரையாளரிடம் சொல்லி, கழுவல், உரசல் இரண்டுக்கும் அங்கேயே புள்ளி எடுங்கள். வெளியே அந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கவேண்டும், மாணவியாக இருக்கும்வரை உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கக்கூடும். அந்தப் புள்ளியைத் துணியின் ஒரு துண்டோடு சேர்த்துக் கொப்பியில் ஒட்டி, நெசவாளர், வாங்கிய திகதி, சுருக்க வீதம் எழுதுங்கள். அடுத்த ஆசிரியர் தினத்துக்கு ஓடர் கேட்டு யாராவது வந்தால், முதலில் அந்தக் கொப்பியைத் திறந்து, பிறகு விலை சொல்லுங்கள்.